பால் பைத்தான் பெட்டியில் ஈரப்பதம்: தண்ணீரைச் சேர்ப்பதா, இருப்பதைக் காப்பதா?

பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வெப்பத்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். ஆனால் நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றைப் பொருத்திவிட்டால் வெப்பம் தன்பாட்டுக்கு நிலைத்துவிடும். குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஐந்து மாதம் நம்மை விடாமல் வேலை வாங்குவது ஈரப்பதமே. டொரான்டோவின் கிழக்குப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு பெண் பால் பைத்தான் தன் ஐந்தாவது குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறது. முதல் குளிர்காலத்தில், ஜனவரி மாதம், அதன் சட்டை ஒரே உறையாக உரியாமல் பதினொரு துண்டுகளாகக் கிழிந்து வந்தது. இடது கண்ணின் மேலிருக்கும் மெல்லிய மூடி உரியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட, ஊர்வன பார்க்கும் மருத்துவர்தான் அதை ஈரமாக்கிப் பொறுமையாக எடுத்துவிட்டார். வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியைக் கடையில் வாங்கியபடியே வைத்துக்கொண்டு, நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளித்தால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எங்கே தவறியது என்பதும், இருக்கும் வழிகளில் எதை யார் தேர்ந்தெடுக்கலாம் என்பதும்தான் இக்கட்டுரையின் பொருள்.

பாம்பின் சொந்த ஊரிலிருந்து தொடங்குவது நல்லது. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வாழ்வது. செனகல் முதல் உகாண்டா வரை பரவியிருக்கும் அந்தப் பகுதியில் மழைக்காலமும் உண்டு. சகாராவிலிருந்து ஹார்மட்டான் என்னும் வறண்ட புழுதிக் காற்று வீசும் மாதங்களும் உண்டு. ஆகவே அது மழைக்காட்டுப் பாம்பு அல்ல. வறண்ட மாதங்களில் பிழைத்திருக்கிறது என்றால், பகலை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிப்பதால்தான். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல என்று நம் ஊரில் சொல்வதை அங்கே இந்தப் பாம்பு செய்துகாட்டுகிறது. வெளியே காற்று எவ்வளவு காய்ந்தாலும் மண்ணுக்கடியில் ஈரம் தங்கியிருக்கும். புற்றுக்குள் காற்றோட்டம் மெதுவானது, சுவர் மண்ணாலானது, தரை ஈரம் உறிஞ்சிய மண். நாம் பெட்டியில் உண்டாக்க வேண்டிய நிலையும் இதுவே. இன்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 60 முதல் 80 விழுக்காடு வரையிலான ஒப்பு ஈரப்பதம்.

"ஒப்பு" என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு வெப்பநிலையில் காற்றால் தாங்க முடிந்த நீராவியில் எத்தனை விழுக்காடு உண்மையில் இருக்கிறது என்பதையே அது குறிக்கிறது. வெப்பக் காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும். குளிர்ந்த காற்றால் முடியாது. வெளியே மைனஸ் 10 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் என்று வானிலை அறிக்கை சொன்னாலும், அந்தக் காற்றின் ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 2 கிராம் நீர்தான் இருக்கிறது. அதே காற்றை வீட்டின் சூடேற்றி 21 டிகிரிக்குக் கொண்டுவரும்போது ஒப்பு ஈரப்பதம் 10 விழுக்காட்டளவுக்குச் சரிந்துவிடும். சமையல், குளியல், மனித மூச்சு எல்லாம் சேர்ந்து அறையை 25 விழுக்காட்டுக்கு உயர்த்துவதாகக் கொண்டாலும், அது பாம்புப் பெட்டிக்குள் நுழைந்து 28 டிகிரிக்குச் சூடானதும் மீண்டும் 17 ஆகக் குறைகிறது. சூடாக்கும் ஒவ்வொரு படியும் உலர்த்தும் படியாகவே அமைகிறது.

இதையே நீரின் அளவாகக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட பெட்டியின் கொள்ளளவு 432 லிட்டர். அது 28 டிகிரியில் 65 விழுக்காடு ஈரத்துடன் இருக்க, அதன் காற்றில் மொத்தம் ஏழரை கிராம் நீராவி வேண்டும். அதில் 2 கிராம் அறைக்காற்றிலேயே வந்துவிடுகிறது. நாம் சேர்க்க வேண்டியது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் பெட்டியின் காற்று மணிக்குப் பத்து முறை முழுதாக மாறுமானால் அந்தத் தேக்கரண்டியை மணிக்குப் பத்து முறை ஊற்ற வேண்டும். நாளொன்றுக்கு அது 1.3 லிட்டரைத் தாண்டும். காற்று மணிக்கு ஒரு முறை மட்டும் மாறினால் 130 மில்லி லிட்டரளவு போதும், அதைத் தரையின் ஈரமே தந்துவிடும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது என்று யோசிப்பதைவிட ஓட்டையை அடைப்பதே அறிவுடைமை. கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் இந்த ஒரு அளவுகோலால்தான் நான் மதிப்பிடுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் அளவுக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். முள் சுழலும் வட்ட வடிவக் கருவிகளை நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை. டிஜிட்டல் கருவியையும் உப்பால் சோதித்த பிறகே நம்புகிறேன். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பிச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, உப்பு கரைந்தோடாமல் ஈர மணலைப் போல இருக்கும் பதத்தில், கருவியுடன் சேர்த்து ஜிப் பையில் இறுக மூடி அறை வெப்பத்தில் ஓர் இரவும் அரைப்பகலும் வைத்தால், பைக்குள்ளிருக்கும் காற்று 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். என் முதல் கருவி அங்கே 88 காட்டியது. பெட்டியில் 60 இருக்கிறது என்று நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளில் உண்மையில் 50கூட இருந்திருக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. கருவியைப் பெட்டியின் குளிர்ந்த பக்கத்தில், பாம்பு படுக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். குறைந்த அளவையும் கூடிய அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகையாக இருந்தால், நாம் பார்க்காத விடியற்காலை நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் அது சொல்லும்.

இனி பெட்டிக்கு வருவோம். கடைகளில் எளிதாகக் கிடைப்பது வலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டி. பாம்பை நன்றாகப் பார்க்கலாம், கழுவலாம், விளக்கை மேலே வைக்கலாம். ஆனால் மேற்புறம் முழுதும் வலையாக இருப்பதும், அந்த வலையின் மேல் வெப்ப விளக்கு அமர்வதும் சேர்ந்து அதை ஒரு புகைபோக்கியாக மாற்றிவிடுகின்றன. சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே போக, கீழே அறையின் வறண்ட காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். வறண்ட நிலத்துப் பாம்புகளுக்கு ஏற்ற இந்த அமைப்பைப் பால் பைத்தானுக்கென்று விற்பதுதான் எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது.

பிவிசி பலகைப் பெட்டி இதற்கு நேர்மாறானது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் அடைத்திருக்கும். முன்புறம் நகரும் கண்ணாடிக் கதவுகள் இருக்கும். பக்கவாட்டில் சிறிய காற்றுத் துளைகள் மட்டும் இருக்கும். வெப்பத்தைக் கூரையின் உட்புறத்தில் பொருத்தும் ரேடியன்ட் பேனல் தருவதால் புகைபோக்கி விளைவு இல்லை. பலகை கண்ணாடியைவிட வெப்பத்தையும் நன்றாகத் தேக்கிவைப்பதால் சூடேற்றும் கருவி ஓடும் நேரமும் குறைகிறது. மூன்றாம் ஆண்டில் நாங்கள் இதற்கு மாறினோம். அதற்கு முன் நாளுக்கு மூன்று முறை தெளித்தும் விடியற்காலையில் 38-க்கு இறங்கிய ஈரப்பதம், மாறிய பின் தெளிக்காமலேயே 64-க்கும் 72-க்கும் இடையில் நின்றது. குறை என்று சொன்னால், வாங்கும்போது கூடுதலாகச் செலவாகும். துண்டுகளாக வருவதை நாமே பொருத்த வேண்டும். உள்ளே இருக்கும் பேனலை தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாளும் இயக்கக் கூடாது. மெலமைன் பூசிய மரப்பெட்டியும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. ஆனால் இணைப்புகளைச் சிலிக்கோன் வைத்து அடைக்காவிட்டால் ஈரம் உள்ளே புகுந்து பலகை ஊதிவிடும்.

பிளாஸ்டிக் டப்பாவைப் பலர் இழிவாகப் பார்க்கிறார்கள். குட்டிகளுக்கும், புதிதாக வந்து தனிமையில் வைத்திருக்கும் பாம்புக்கும், சட்டை உரிக்கத் தவிக்கும் பாம்புக்கும் அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியாது. ஈரம் அதில் தானாகவே தங்கும். சுவரில் நீர் கோத்து வழிந்தால் இன்னும் சில துளைகள் போட வேண்டும் என்று பொருள். ஆனால் ஒன்றேகால் மீட்டர் வளர்ந்த பெண் பாம்பு உடலை நீட்டிக்கொள்ளவும் ஏறி இறங்கவும் அதில் இடம் கிடையாது என்பதால், அதன் நிரந்தர வீடாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்கனவே கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. வலை மூடியின் முக்கால் பங்கை அடைத்தாலே நிலைமை பெரிதும் மாறும். அளவாக வெட்டிய அக்ரிலிக் தகடு பார்வைக்கு நன்றாக இருக்கும். அலுமினியத் தாள் மலிவானது. விளக்கைச் சுற்றி ஒரு சாண் அளவாவது பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் விட வேண்டும். முக்கியமான ஓர் எச்சரிக்கை: ஒட்டும் டேப்பைப் பாம்பின் உடல் படக்கூடிய இடத்தில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். வலையின் துளை வழியே ஓரத்தில் சற்று வெளித்தெரிந்த பசையில்கூடப் பாம்பு ஒட்டிக்கொண்டு, விடுபடப் போராடும்போது செதிலோடு தோலும் பிய்ந்துவிடும். தகட்டை வெளிப்புறத்தில் வைத்து, அதன் சொந்த எடையால் நிற்கவிடுவதே நல்லது. இப்படி அடைத்த தொட்டி பிவிசி பெட்டிக்கு முழுதாக ஈடாகாது என்றாலும், கணக்கின்படி இழப்பின் பெரும்பகுதி நின்றுவிடும்.

அடுத்தது தரை விரிப்பு. ஈரத்தின் சேமிப்புக்கிடங்கு என்று அதைச் சொல்லலாம். ஆஸ்பென் மரச்சீவல் வறண்ட நிலத்துப் பாம்புகளுக்குச் சிறந்தது. ஈரம் பட்டால் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடித்து முடை நாற்றம் வீசும். காகிதத் துண்டு நோயுற்ற பாம்பின் கழிவைக் கவனிக்க உதவுமே தவிர ஈரத்தைத் தாங்காது. தேவதாரு வகை மரச்சீவல்களில் உள்ள எண்ணெய்கள் பாம்பின் மூச்சுக்குக் கெடுதல் என்பதால் அவற்றைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். மிஞ்சுவது சைப்ரஸ் மரத்துகள், தேங்காய் நார்த்தூள், தேங்காய் மட்டைத் துண்டுகள். மூன்றும் வேலை செய்யும். நார்த்தூள் காய்ந்தால் மூக்கிலும் இரையிலும் ஒட்டும் தூசாகப் பறக்கிறது. மட்டைத் துண்டு தன் எடையைவிட அதிகமாக நீர் குடித்தும் மேற்பரப்பில் உலர்ந்தே நிற்பதால் என் தேர்வு அதுதான். அழுத்திக் கட்டியாக வரும் அந்தச் செங்கல்லின் உறையில் இலங்கையின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இதே சரக்கு உலகமெங்கும் போகிறது. நம் வீட்டுப் பின்புறத்தில் குவிந்து கிடக்கும் மட்டை, பனி கொட்டும் நாட்டில் ஓர் ஆப்பிரிக்கப் பாம்புக்குப் புற்று மண்ணாகிறது.

விரிப்பைப் போடும் முறையிலும் தவறு நேரலாம். இரண்டு விரல் கனம் போதாது. 8 முதல் 10 செ.மீ. வரை ஆழம் வேண்டும். தண்ணீரை மேலே தெளிக்காமல், நான்கு மூலைகளிலும் சுவரோரமாக ஒரு குவளையால் மெதுவாக ஊற்ற வேண்டும். நீர் அடிக்கு இறங்கி, கீழடுக்கு ஈரமாகவும் மேலடுக்கு உலர்ந்தும் இருக்கும். அடியிலிருந்து ஈரம் நாள் முழுதும் மெல்ல மேலெழும். பாம்பின் வயிறு படும் இடம் காய்ந்திருக்க வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஈரத்தரையில் நாள்கணக்கில் படுத்திருக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளித்து, அழுகத் தொடங்கும். 75 விழுக்காடு ஈரக் காற்றால் அந்தத் தீங்கு வருவதில்லை, நனைந்த தரையால்தான் வருகிறது. விரலை விரிப்புக்குள் விட்டுப் பாருங்கள். முதல் கணு வரை உலர்ந்தும் அதற்குக் கீழே குளிர்ந்த ஈரமும் தென்பட்டால் பதம் சரி. எங்கள் பெட்டிக்கு ஜனவரியில் பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். ஜூலையில் ஒன்றும் ஊற்றுவதில்லை.

ஈரப் பொந்து தனியாகச் சொல்ல வேண்டிய வழி. மூடியுள்ள ஒரு சிறு பெட்டியில் பாம்பு நுழையும் அளவுக்கு வாசல் வெட்டி, விளிம்பைத் தீயில் காட்டி மழுங்கச் செய்து, உள்ளே ஸ்பேக்னம் பாசியை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து நிரப்பினால் அதற்குள் 90 விழுக்காட்டை ஒட்டிய ஈரம் கிடைக்கும். செலவும் மிகக் குறைவு. மற்ற எந்த வழியிலும் இல்லாத நன்மை ஒன்று இதில் இருக்கிறது: எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதைப் பாம்பே முடிவு செய்துகொள்கிறது. காட்டில் வளைக்குள் போவதும் வெளிவருவதும் அதன் விருப்பம்தானே. வாரம் ஒரு முறை பாசியைக் கழுவிப் பிழிய வேண்டும். மலம் பட்டால் உடனே மாற்ற வேண்டும். பாம்பு சட்டை உரிக்காத நாள்களிலும் அதிலேயே அடைந்து கிடந்தால், பெட்டியின் மற்ற இடம் அதற்குப் போதாமல் வறண்டிருக்கிறதா என்று சந்தேகியுங்கள். இடம் மாறாமல் கிடப்பதே அது நமக்குச் சொல்லும் முறையீடு.

தெளிப்பானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கையால் தெளித்தால் ஈரப்பதம் 90-க்குத் தாவி, வலை மூடியுள்ள தொட்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். இடையில் நனைந்தது தரையின் மேற்பரப்பு மட்டுமே. நாம் விரும்புவதற்கு நேர் எதிரான நிலை அது: மேலே ஈரம், அடியில் வறட்சி. தானியங்கித் தெளிப்பான் அதையே நேரந்தவறாமல் செய்யும். குளிர்ந்த புகையைப் போல நீர்த்துளியைக் கக்கும் ஃபாகர் கருவிகள் கண்ணைக் கவரும் என்றாலும், குழாய் நீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் வெண்தூளாகக் கண்ணாடியில் படிகின்றன. தொட்டியைச் சில நாளுக்கு ஒரு முறை கிருமிநீக்கம் செய்யாவிட்டால், அதில் வளரும் நுண்ணுயிர்களைப் பாம்பின் மூச்சுக்குள் நாமே அனுப்புகிறோம். பாம்புகளால் நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கோரம் குமிழி தெரிவது, தலையை மேல்நோக்கித் தூக்கியபடி இருப்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தக் காரணத்தால் பால் பைத்தானுக்கு ஃபாகரை நான் பரிந்துரைப்பதில்லை.

அறை முழுவதற்குமான ஹியூமிடிஃபையர் வேறு வகை. அறைக்காற்றை 25-இலிருந்து 40-க்கு உயர்த்தினால் பெட்டியிலிருந்து ஈரம் வெளியேறும் விசை குறைகிறது; வீட்டில் உள்ளவர்களின் தொண்டைக்கும் தோலுக்கும் அது நல்லது. ஒரே அறையில் மூன்று நான்கு பெட்டிகள் வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். ஆனால் பெட்டிக்கு வேண்டிய ஈரப்பதத்தை அறையிலேயே எட்டிவிட முயன்றால், வெளியே மைனஸ் 15 இருக்கும் இரவில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து சட்டத்தில் கருப்புப் பூஞ்சை படரும். வாடகை வீட்டில் அது வேறொரு வழக்காகிவிடும்.

எனவே என் முடிவு இது. இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், கண்ணாடித் தொட்டிக்கும் தெளிப்பானுக்கும் சிறுகச் சிறுகச் செலவழிக்காமல், சற்றுக் காத்திருந்தாவது பிவிசி பெட்டியை வாங்குங்கள். பால் பைத்தான் 20, 30 ஆண்டுகள் வாழக்கூடியது. அந்தக் காலத்துக்குப் பகிர்ந்து பார்த்தால் விலை வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. கண்ணாடித் தொட்டி கையில் இருப்பவர்கள் மூடியை அடைத்து, ஆழமான மட்டை விரிப்பும் ஈரப் பொந்தும் வைத்தால் குளிர்காலத்தைக் கடந்துவிடலாம். குட்டி வாங்கியவர்கள் முதல் ஆண்டை டப்பாவில் கழிக்கட்டும். எந்த அமைப்பானாலும் ஈரப் பொந்து ஒன்று இருக்கட்டும்.

இந்த அளவுகளை மற்ற இனங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சோளப் பாம்புக்கு 40 முதல் 60 வரை போதும். கென்ய மணல் போவாவை இந்தப் பெட்டியில் வைத்தால் நோயில் விழும். பிரேசில் வானவில் போவாவுக்கு இதுவே வறட்சி. தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களுக்கும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பதிவு கட்டாயம். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அது சரியா என்பதைக் கடைசியில் சொல்வது கருவி அல்ல, சட்டைதான். பாம்பின் வயிறு இளஞ்சிவப்பாகி, கண்கள் பால்படிந்த நீலமாக மங்கும் நாளில் பாசியை நனைத்து வைத்துவிட்டுப் பாம்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கண் மீண்டும் தெளிந்து சில நாள்களில் சட்டை உரியும். ஈரம் காய்வதற்குள் அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் முனை வரை ஒரே உறையாக இருக்க வேண்டும். தலைப்பகுதியில் இரண்டு கண்மூடிகளும் கைக்கடிகாரக் கண்ணாடிகளைப் போலக் குழிந்து தெளிவாகத் தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் நகத்தாலோ இடுக்கியாலோ பாம்பின் கண்ணைத் தொடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு விரித்த டப்பாவில் பாம்பை அரை மணி நேரம் ஊரவிடுங்கள். அடுத்த உரிப்பிலும் மூடி வராவிட்டால் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சென்ற டிசம்பரில் எங்கள் பாம்பு உரித்த சட்டையில் வால் முனையின் கூர்கூட முறியாமல் வந்திருந்தது.